பொட்டு வைத்த லைசன்ஸ் பெட்டி

ஆபீஸில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதே நாளில் ஓர் அனிமேஷன் படத்தை முடித்துக் கொடுத்திருக்கிறீர்களா நீங்கள்? இல்லைதானே? நாங்கள் கொடுத்தோம். அதனால் இதை நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ள முடிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஸ்டூடியோ மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில், மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்கள் விற்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே யாராவது புது எக்சாஸ்ட் பொருத்தி முறுக்கிப் பார்த்தால், மேலே எங்கள் மைலோ கோப்பை நடுங்கும். ஒலிப்பதிவு செய்யவேண்டும் என்றால் முதலில் கீழே போய்க் கெஞ்ச வேண்டும். மொத்தம் ஐந்து பேர். ஒருவர் அன்று எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார், அவரை விட்டுவிடலாம். மீதி நான்கு பேரைச் சொல்கிறேன்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அனிமேஷன் என்றால் உயிர், ஆனால் சாப்ட்வேர் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். இயக்குநர் அக்கா, சாஆ என்ற சின்ன ஊரிலிருந்து வந்தவர், அவர் அசைக்கும் ஆடு நிஜ ஆட்டைவிட ஆடு மாதிரி இருக்கும். பொம்மைகளை வடிவமைப்பவன் ஒரு சீன நண்பன். சிம்பாங் ரெங்கத்தில் தமிழர்கள் நிறைந்த தாமான் குடியிருப்பில் வளர்ந்ததால் என்னைவிட வேகமாகத் தமிழில் வம்பளப்பான். நான்காவது நான். கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தேன். ரெண்டர், கிளவுட், லைசன்ஸ் எல்லாம் என் ராஜ்யம்.

ராஜ்யம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அசைத்த பொம்மைக்கு வெளிச்சம், நிழல், முடி எல்லாம் கணக்குப் போட்டு, ஒவ்வொரு பிரேமாகச் சமைத்து எடுப்பதுதான் ரெண்டர். எங்கள் ஆபீஸ் மெஷின்களை மட்டும் நம்பினால் ஓர் ஆட்டின் முடியைச் சமைக்கவே பொங்கல் வந்துவிடும். அதனால் கிளவுடில், அதாவது வேறெங்கோ இருக்கும் மெஷின்களை இன்டர்நெட் வழியாக, வாடகைக்கு எடுப்போம். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் சாப்ட்வேர் லைசன்ஸ்? அது பன்னிரண்டுதான்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஆயிரம் பேர் நிற்கட்டும், போட்டிருப்பது பன்னிரண்டு இலை. ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம். நாங்கள் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தாலும் ஓர் இலை, கிளவுடில் ஒரு மெஷின் ரெண்டர் செய்தாலும் ஓர் இலை. பந்தி வாசலில் நின்று "நீ உட்காரு, நீ பொறு" என்று சொல்வது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பேன்ட்ரி மேசைக்குக் கீழே, பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் இருக்கும். திரை கிடையாது, கீபோர்ட் கிடையாது. கிளவுடில் இருக்கும் மெஷின்கூட இன்டர்நெட் வழியாக இந்தப் பேன்ட்ரிக்கு வந்து "அண்ணே, ஓர் இலை" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் எடுப்பது மலிவு மெஷின்கள். கிளவுட்காரனுக்குத் தேவைப்பட்டால், ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொள்வான். பிடுங்கப்பட்ட மெஷின் இலையை மடிக்காமலே போய்விடும். பெட்டியோ அந்த ஆள் இன்னும் சாப்பிடுகிறான் என்று நம்பி, இலையை வேறு யாருக்கும் தராது. அந்த மாதிரி இலைகளைக் கண்டுபிடித்து விடுவிக்க நானே ஒரு சின்ன நிரல் எழுதி என் மெஷினில் ஓட விட்டிருந்தேன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் விரட்டி. இதை நான் யாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாலும் அவர்கள் முகம் மாறுவதே இல்லை. பரவாயில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மோல். வாசலில் நான்கு மாடி உயரத்துக்குத் திரை. தீபாவளி மாதத் திறப்பு விழாவுக்கு இரண்டு நிமிடப் படம் கேட்டார்கள். விளம்பரம் இல்லை, கதை. அக்கா ஓர் ஆட்டை எழுதினார். தீபாவளிக்கு முதல் நாள் ஓர் ஆடு தோட்டத்தைவிட்டு ஓடிவந்து, விரைவு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து ஜொகூர் பாரு போகிறது. ஊரைச் சுற்றுகிறது. மனசு கேட்காமல் வீட்டுக்குத் திரும்புகிறது. ஏன் ஓடியது என்று படத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. தமிழன் எவனுக்கும் சொல்லத் தேவையில்லை.

அக்கா பல வருடமாக மற்றவர்கள் படத்துக்கு உழைத்தவர். அவர் சொந்தமாக எழுதி இயக்கிய முதல் படம் இது. திறப்பு விழாவில் பார்ப்பதற்காக சாஆவிலிருந்து அவருடைய அப்பா, அம்மா, அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரு பள்ளி பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் படம் மோலுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்தில் அவர்கள் கையில் இருக்கும் ஏதோ ஒரு விளக்குப் படம் ஓடும். அவ்வளவுதான், அக்கா படம் கிடையாது.

எல்லாம் தயாராகத்தான் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் மோல்காரர்களிடமிருந்து ஒரு செய்தி. ஆடு வீட்டுக்குத் திரும்பும் கடைசிப் பகுதியில் மழை பெய்கிறதே, அது மங்களமாக இல்லை, எடுத்துவிடுங்கள்.

"தீபாவளிக்கு மழ பெய்யாத ஜொகூர இவங்க எங்க பாத்தாங்களாம்?" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே மழையை எடுக்க ஆரம்பித்துவிட்டார். மழை போனால் ஈர முடி காய்ந்த முடியாக வேண்டும். அதாவது கடைசிப் பகுதி முழுக்க மறுபடியும் ரெண்டர்.

அப்போதுதான் அண்ணே பூவும் பொரியும் வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"நாளைக்கு ஆயுத பூஜை. பொட்டு வெச்ச உடனே மெஷின் எல்லாம் ஆஃப். நாளன்னிக்குக் காலையில சூடம் காட்டிட்டுதான் தொடணும். தெரியும்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். இந்தத் தருணத்துக்காகவே பிறந்தவன் போல நின்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

"அண்ணே, நம்ம மெஷின நாங்க தொடவே மாட்டோம். ரெண்டர் கிளவுட்ல ஓடும். அது வேற நாட்டுல இருக்கு."

"எந்த நாட்டுல?"

"சிங்கப்பூர்ல."

"அங்கயும் ஆயுத பூஜதானடா?"

"அது நம்ம மெஷின் இல்லண்ணே, வாடக மெஷின். வாடகக் கார்ல ஏறுனா நீங்களா எறங்கிப் பொட்டு வெக்கிறீங்க?"

அண்ணே கொஞ்சம் யோசித்தார். "கார்க்காரன் வெப்பான்."

"அப்ப இதுக்கு கிளவுட்காரன் வெப்பான்."

"வாயி," என்றார் அண்ணே. ஆனால் மறுக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் மெஷின்கள் பூ வைத்துக்கொண்டு தூங்க, கடல் தாண்டி வாடகை மெஷின்கள் ஆட்டு முடி சமைக்க, நாங்கள் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடப் போகிறோம். சாமிக்கும் குறையில்லை, மோலுக்கும் குறையில்லை. இப்படி ஓர் ஆயுத பூஜையை யாராவது கொண்டாடியிருப்பார்களா?

மறுநாள் காலை அக்கா மழையில்லாத காட்சிகளை முடித்துக் கொடுத்தார். கிளவுடுக்கு அனுப்பினேன். எங்களுக்கென்று எப்போதும் ஐந்து இலையை ஒதுக்கிவைத்துவிட்டு மீதி ஏழைத்தான் கிளவுடுக்குக் கொடுப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் அக்கா வேலை செய்ய உட்காரும்போது இலை இருக்காது, எனக்கு அடி விழும். ஏழு மெஷின்கள் எழுந்தன, ஏழு இலை வாங்கின, ஆடு நடக்க ஆரம்பித்தது. முதல் சில பிரேம்களைத் திறந்து பார்த்தேன். முடி ஒவ்வொன்றும் வெயிலில் மின்னியது. அவரவர் மெஷினுக்கு அவரவர் பொட்டு வைத்து அணைத்தோம். அண்ணே சாமி படத்துக்கு முன்னால் சூடம் காட்டினார். கீழே கடைக்காரரும் ஸ்பேனர் எல்லாவற்றையும் அடுக்கிப் பூஜை போட்டிருந்ததால், அன்று ஒரு நாள் எக்சாஸ்ட் சத்தமே இல்லை. அந்த அமைதி எங்களுக்கே பழக்கமில்லை.

நான் கைப்பேசியில் ரெண்டர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு சுண்டலை அமுக்கினேன். ஒரு பிரேம் முடிந்தால் ஒரு பச்சைப் புள்ளி வரும். பச்சை, பச்சை, பச்சை. பத்தி பத்தியாகப் பச்சை. பாதிக்கு மேல் போய்விட்டது.

"ஒண்ணு தொறந்து காட்டுடா," என்றார் அக்கா.

"எல்லாம் பச்சக்கா. என்னத்த பாக்கப் போறீங்க?"

"என் ஆடு. நான் பாப்பேன்."

திறந்தேன். ஆடு வாசலில் நின்றது. அதன் முகத்தின் குறுக்கே, காதிலிருந்து தாடி வரைக்கும், சாப்ட்வேர் கம்பெனியின் பெயர் வெள்ளை எழுத்தில் சாய்வாக ஓடியது. அடுத்த பிரேம். அதே எழுத்து. அதற்கடுத்தது. ஆடு தலையைத் திருப்புகிறது, எழுத்து மட்டும் அசையாமல் நிற்கிறது. லைசன்ஸ் இல்லாமல் ரெண்டர் செய்தால் அந்த சாப்ட்வேர் நிற்காது, சண்டை போடாது. சமர்த்தாக வேலையைச் செய்து முடித்து, ஒவ்வொரு பிரேமிலும் தன் முத்திரையைக் குத்திவிட்டு, பச்சைப் புள்ளியையும் வைத்துவிடும்.

"அலமாக்," என்றேன். மலாய் ஐயையோ.

அக்கா கையில் இருந்த சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அது எனக்குத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பூஜைக்கு முன்னால் வந்த பிரேம்கள் சுத்தமாக இருந்தன. பூஜைக்குப் பிறகு வந்தவை எல்லாம் முத்திரை. கைப்பேசியிலிருந்து பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. பேன்ட்ரிக்கு ஓடி, மேசைக்குக் கீழே குனிந்தேன்.

பெட்டி அழகாக இருந்தது. நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். நீல விளக்கு மட்டும் எரியவில்லை.

"யாரு இதுக்குப் பொட்டு வெச்சது?"

"நான்தான்!" என்றான் சீன நண்பன், பின்னாலிருந்து, முகமெல்லாம் பல்லாக. "எல்லா மெஷினுக்கும் ஆள் இருக்கு மச்சான். இதுக்கு மட்டும் ஆளே இல்ல. பாவம் லா. அதான் நான் வெச்சேன். எலுமிச்சகூட என் காசு."

"ஆஃப் பண்ணியா?"

"பொட்டு வெச்சா ஆஃப். அண்ணே ரூல். நான் ரூல் ஃபாலோ பண்ற ஆளு."

"டேய், இதுதான்டா லைசன்ஸ் குடுக்கற பெட்டி!"

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதா? நான் இத பழைய மோடம்னு நெனச்சேன்." அப்புறம் மெல்ல, "மம்பூஸ்," என்றான். செத்தோம் என்று அர்த்தம். அதைவிடச் சரியான வார்த்தை அந்த நேரத்தில் எந்த மொழியிலும் இல்லை.

பெட்டியைத் தொடாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். லைசன்ஸ் அந்தப் பெட்டியோடு கட்டப்பட்டது, வேறு மெஷினுக்கு மாற்றுவதென்றால் விற்றவர்கள் எழுதித் தரவேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் விற்பனையாளரைக் கூப்பிட்டேன். மிகவும் மரியாதையாக, இரண்டு வேலை நாள் ஆகும் என்றார். இரண்டு வேலை நாளில் ஆடு கறியாகியிருக்கும்.

அண்ணே விஷயத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே பேன்ட்ரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பூஜையில வெச்சத நடுவுல எடுக்கறது நல்லா இல்லடா."

"அண்ணே, ஐஸ்பெட்டி ஓடுது. ஏர்கோன் ஓடுது. அதுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்களா?"

"ஐஸ்பெட்டி ஆயுதமாடா?"

"இதுவும் ஆயுதம் இல்லண்ணே. இது ஒரு வேலையும் செய்யாது. நீ உக்காரு, நீ எந்திரின்னு சொல்லும். அவ்ளோதான்."

"அப்ப பாஸ் மாதிரி லா," என்றான் சீன நண்பன்.

அண்ணே அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருக்கும்போது உதடு துடித்தது, சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து அக்காவின் கைப்பேசி அடித்தது. அம்மா. எப்போதும்போல எதிர் வீட்டுக்கும் கேட்கும்படி பேசினார்.

"ஏய், பஸ்சு சிம்பாங் ரெங்கம் தாண்டிருச்சு! மொதல்ல கோயிலுக்குப் போயிட்டு அப்புறம் வரோம். ஒங்கப்பா புதுச் சட்ட போட்டுருக்காரு, இப்பவே சாம்பார ஊத்திக்கிட்டாரு. படம் எந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்?"

"நடுவுல நில்லுங்கம்மா," என்றார் அக்கா. வைத்துவிட்டார். அப்புறம் அண்ணேயைப் பார்த்து, சாதாரணமாக, கடைக்குப் போகட்டுமா என்று கேட்பது போலச் சொன்னார்: "ஒங்களுக்கு மனசு வரலன்னா விடுங்கண்ணே. நான் சொல்லிக்கிறேன். மோல்ல பெரிய கோலம் போட்டிருப்பாங்க. பாத்துட்டுப் போவாங்க."

அண்ணே எழுந்தார். "கோலம் பாக்கறதுக்கா சாஆலேருந்து பஸ்ஸு புடிச்சு வராங்க?" சாமி படத்துக்கு முன்னாலிருந்து சூடத் தட்டை எடுத்துவந்தார். "நாளைக்குப் போடற பூஜைய இதுக்கு மட்டும் இப்பவே போட்டுர்றேன். நீங்க யாரும் தொடாதீங்க. நான் தொடறேன். ஏதாச்சும் வந்தா எனக்கு வரட்டும்."

அவ்வளவு பெரிய மனிதர் பேன்ட்ரி மேசைக்குக் கீழே குந்தி, லைசன்ஸ் பெட்டிக்குச் சூடம் காட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சீன நண்பன் புகை எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க பீசா அட்டையை வைத்து விசிறினான். அண்ணே கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு கையை நீட்டினார்.

"சுவிட்ச் எங்கடா?"

"முன்னாலண்ணே. இல்லண்ணே, அது ஹெட்போன் ஓட்ட. அதுக்குப் பக்கத்துல. இன்னும் பக்கத்துல!"

நீல விளக்கு எரிந்தது. நாங்கள் கத்திய கத்தலில் கீழேயிருந்து கடைக்காரர் படியேறி வந்து, யாருக்கு என்ன என்று கேட்டார்.

இனி என் வேலை. என் மெஷினும் பூஜையில் இருந்ததால் கைப்பேசி மட்டும்தான். ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். முத்திரை விழுந்த பிரேம்களைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். லைசன்ஸ் கிடைக்காவிட்டால் உடனே நின்றுவிடு என்ற தேர்வையும் போட்டு மறுபடி அனுப்பினேன். முதல் பிரேம் வந்தது. அக்காவிடம் நீட்டினேன். சுத்தமான ஆடு.

ஆனால் கணக்குப் போட்டால் உதைத்தது. ஏழு மெஷின் இந்த வேகத்தில் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் முடியும். எட்டுக்கு விழாவே ஆரம்பம்.

"இன்னும் பத்து மெஷின் எடுடா," என்றார் அண்ணே.

"நூறு மெஷின்கூட எடுக்கலாண்ணே. எலதான் இல்ல. ஏழுதான்."

அக்கா நிமிர்ந்தார். "பன்னெண்டுல ஏழு. மீதி அஞ்சு நமக்குன்னு வெச்சிருக்க. சரியா?"

"ஆமாக்கா."

"இன்னிக்கு அந்த அஞ்சு எலையில யாருடா ஒக்காந்திருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். வரிசையாக எங்கள் மெஷின்கள், பொட்டோடும் பூவோடும், அணைந்து கிடந்தன. ஆயுத பூஜை! எவனும் வேலை செய்யவில்லை! வருடத்தில் இந்த ஒரு நாள்தான் எங்கள் ஐந்து இலையும் முழுசாகக் காலி! கிளவுடுக்கு ஏழுதான் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். கிளவுடில் இன்னும் ஐந்து மெஷின்கள் எழுந்தன. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பந்தி நிறைந்துவிட்டது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடியதாகச் சீன நண்பன் சொல்கிறான். வீடியோ இல்லாததால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டில் ஒரு மெஷினைக் கிளவுட்காரன் பிடுங்கினான். இலையை மடிக்காமல் போய்விட்டது. அதை விடுவிக்க வேண்டிய விரட்டி எங்கே? என் மெஷினில், செவ்வந்திப் பூவுக்குக் கீழே, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் நானே விரட்டியானேன். கைப்பேசி வழியாகப் பெட்டிக்குள் போய், யார் யார் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஆளில்லாத இலையைக் கையாலேயே எடுத்துப் புதுசாக வந்தவனுக்குப் போட வேண்டும். பிடுங்குவான், நான் விடுவிப்பேன். மறுபடி பிடுங்குவான், மறுபடி விடுவிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து சீன நண்பன் உரக்கப் படித்தான்: "நாலாவது ஆளு போயிட்டான் மச்சான்! ஒம்போதும் போச்சு! எடுறா எலய!" அண்ணே எனக்கு தே ஓ ஐஸ், அதாவது பால் விடாத ஐஸ் தேநீர், கலக்கிக் கொடுத்து, குடிக்கவும் வைத்தார், ஏனென்றால் என் இரண்டு கையும் வேலையில் இருந்தன. வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை. பரீட்சைக்கு முந்தின நாள்கூட.

நாலரையைத் தாண்டியபோது ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி. வீட்டுக்கு வந்த ஆடு வாசல் மாவிலைத் தோரணத்தை எட்டிக் கடிக்கிறது, அது முடிந்துவிட்டது. கடித்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது, அதுதான் மிச்சம். முகம் கிட்டத்தில், முடி முழுத்திரைக்கு. ஒரு பிரேமே மாமாங்கம் எடுக்கும்.

"வராதுக்கா," என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக அவர் பல வாரம் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"கடியில வெட்டு," என்றார் அக்கா.

"சிரிப்பு?"

"அவங்க சிரிச்சுக்குவாங்க. வெட்டுடா!"

பிரேம்களைக் கோர்த்து, சத்தத்தைச் சேர்த்து, ஒரு வீடியோவாக்க வேண்டும். வழக்கமாக அக்கா தன் பெரிய திரையில் செய்யும் வேலை. இப்போது கிளவுடில் இருக்கும் ஒரு மெஷினுக்குக் கைப்பேசியிலிருந்து கட்டளை எழுதினேன், கட்டை விரலால், அக்கா தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்க. ஒரு புள்ளி தப்பாகி ஒருமுறை விழுந்தது. என் காதைப் பிடித்தார். இரண்டாவது முறை ஓடியது. அங்கிருந்தே மோலின் இணையப் பெட்டகத்துக்கு அனுப்பினேன். ஐந்து அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது மோலிலிருந்து ஒரு கட்டை விரல் படம் வந்தது. வெறும் கட்டை விரல். நன்றி இல்லை, ஒன்றுமில்லை. நான்கு பேரும் பேன்ட்ரியில் குதித்ததில் பிஸ்கட் டின் விழுந்து உருண்டது.

ராத்திரி மோல் வாசலில் சாஆ பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை அக்கா நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்பா சட்டையில் சாம்பார்க் கறையை மறைக்கத் துண்டைப் போட்டிருந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். நான்கு மாடி உயரத்தில் ஆடு பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அம்மா முதல் ஆளாகக் கத்தினார்: "ஏங்க, நம்ம வீட்டு ஆடுங்க!"

"நம்ம ஆடு இவ்ளோ அழகா இல்ல," என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆடு வீட்டுக்கு வந்தது. தோரணத்தை எட்டியது. கடித்தது. படம் டக்கென்று நின்றது. அக்காவின் கை என் முழங்கையை நசுக்கியது. அப்புறம் அந்த இடமே சிரித்தது. சாஆ கூட்டம் மட்டுமில்லை, மலாய்க்காரர்கள், சீனர்கள், தள்ளுவண்டியில் இருந்த குழந்தைகள், காவலுக்கு நின்றவர்கள், எல்லோரும். சரியாக அந்தக் கடியில்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அப்பா. "இன்னொரு வாட்டி போடச் சொல்லு."

"அது தானா வரும்பா. சுத்திச் சுத்தி ஓடும்."

"அப்ப நிப்போம்," என்றார். நின்றார்கள். பஸ் டிரைவர் வந்து கெஞ்சும்வரை நின்றார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பவர் போல அதே இடத்தில் கத்தினார். அக்கா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது பிரேமில் முத்திரை தப்பி நின்றுவிட்டதா என்று. ஒன்றுகூட இல்லை.

விடுபட்ட சிரிப்பை மறுநாள் ரெண்டர் செய்து அக்காவிடம் கொடுத்தேன். பார்த்தார். நல்லா இருக்கு என்றார். சேர்க்கவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. மோலில் கோலத்தை அழித்துவிட்டார்கள், கிறிஸ்துமஸ் மரம் நட்டுவிட்டார்கள். ஆட்டை இன்னும் எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது.